பத்தொன்பதாம் வினாடி

ஜனவரி 8

அன்புள்ள தங்கைக்கு,

இது நான்காவது தாள். முதல் மூன்று தாள்களும் நலம் விசாரிப்பதற்குள் தீர்ந்துவிட்டன. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நலமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். தவறென்றால் திருத்து.

உன் முகவரியை உன் மகனிடம் கேட்டு வாங்கினேன். "அம்மா கத்தினா நான் பொறுப்பில்ல மாமா, இப்பவே சொல்லிட்டேன்" என்றான். அவன் பொறுப்பில்லை.

நம் நாடக அரங்கில் 'ஓடக்காரி' முதன்முதலாக மேடையேறி, வரும் ஏப்ரலோடு ஐம்பது வருடம் ஆகிறது. புதிதாக ஒரு பெண்ணை வைத்து மறுபடி போடுகிறார்கள். கூடவே ஒரு பொன்விழா மலரும் வருகிறது. இதுவரை ஓடக்காரியாக நடித்த ஐந்து பேரையும் ஒப்பிட்டு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். மறுத்துப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடம் அங்கே பிராம்ப்டராக, மறந்த வரியை எடுத்துக் கொடுப்பவனாக, இருந்தது உண்மை. ஐந்து பேரையும் பார்த்ததும் உண்மை. ஆனால் மேடையின் இடது மூலையில், திரை மறைவில், ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஐந்து பேரின் இடது காதைப் பற்றி வேண்டுமானால் அதிகாரத்தோடு பேசலாம், நடிப்பைப் பற்றிப் பேச நான் யார் என்றேன். மலர்க்குழுச் செயலாளர், "ஐயா, உங்களை விட்டா யாரு இருக்கா? மத்தவங்க எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க" என்றார். என் தகுதி அதுதான் போலிருக்கிறது.

நான்கு பேரைப் பற்றி எழுதிவிட்டேன். மூன்றாவது ஓடக்காரி நீ. உன் பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. உன் அனுமதி இல்லாமல் எழுதுவது சரியல்ல என்று தோன்றுகிறது. அனுமதி தருவாயா? 'கூடாது' என்று ஒரு சொல் எழுதினாலும் போதும்.

உன் அண்ணன்


ஜனவரி 17

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அதன் மேல் எழுதி, கோட்டை அழித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்தால் கோடு தெரிகிறது. மாறவே இல்லை.

'நீ' என்று எழுதத்தான் நினைத்தேன், வரவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் கல்யாண வீட்டில் மூன்று முறையும் சாவு வீட்டில் இரண்டு முறையும் பார்த்திருக்கிறோம். ஐந்து முறையும் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துபோனீர்கள். சாப்பிட்டேன்.

நான் இங்கே பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். அந்தத் தொழில் எப்படி வந்தது தெரியுமா? நானே சொல்கிறேன். மூன்றாம் அங்கத்தில், செத்துப்போன மகளைப் பற்றிப் பாட வேண்டிய இடத்தில், நான் வாய் திறக்காமல் நின்றேன். உங்கள் மூலையிலிருந்து "தண்ணீருக்கு" என்று பாட்டின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தீர்கள். மூன்றாவது வரிசை வரை கேட்டது. அங்கே ஒருவன் சிரித்தான். அப்புறம் ஒரு வரிசையே சிரித்தது. மறுநாள் அரங்கின் நாள் குறிப்பேட்டில், 'ஓடக்காரி வரி மறந்தார். எடுத்துக் கொடுக்கப்பட்டது' என்று உங்கள் முத்து முத்தான கையெழுத்து. ஒன்பதாம் நாள் என் உடுப்பு எனக்கு அடுத்து வந்த நெட்டைக்குப் போனது. அவள் உயரத்துக்கு அது எட்டவில்லை. கீழ் மடிப்பைப் பிரித்து நீளம் விட்டுக் கொடுக்க ஆள் இல்லை என்று என்னையே கேட்டார்கள். விட்டுக் கொடுத்தேன். நான் செய்த முதல் தையல் வேலை அதுதான்.

அனுமதி தருகிறேன். ஆனால் அதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

அன்றைக்கு நான் வரியை மறந்தேனா, இல்லையா?

தங்கை


ஜனவரி 25

அன்புள்ள தங்கைக்கு,

பதில் எழுதியதற்கு நன்றி. இவ்வளவு எழுதுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒப்பீட்டை எந்த முறையில் செய்திருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேரின் பாட்டையும் நடையையும் அழுகையையும் மொத்தமாக ஒப்பிடும் திறமை எனக்கில்லை. ஆகவே ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டேன். நீ சொன்ன அதே இடம். காலையில் மகள் ஆற்றோடு போய்விட்டாள். பார்ப்பவர்களுக்கு அது தெரியும். ஓடத்தில் ஏறிய பயணிக்குத் தெரியாது. "எங்கேம்மா உன் பொண்ணு? துடுப்புப் போட வரலையா?" என்று கேட்கிறான். வாத்தியங்கள் நிற்கின்றன. 'தண்ணீருக்குக் கதவில்லை' என்று அவள் துணையில்லாமல் பாட வேண்டும். நடுவில் இருக்கும் மௌனத்துக்கு இசைப் பிரதியில் 'சற்று நேரம்' என்றுதான் குறித்திருக்கிறது. எவ்வளவு நேரம் என்பது நடிப்பவர் இஷ்டம். நான் ஐந்து பேருக்கும் ஸ்டாப்வாட்ச் வைத்துக் குறித்திருக்கிறேன்.

முதல் ஓடக்காரி, நாம் வெண்கலம் என்று கூப்பிட்டவர், இரண்டு வினாடிதான் எடுத்தார். கேள்வி முடிவதற்குள் அவரிடம் பதில் தயாராக இருக்கும். துக்கத்தைத் தோளில் தட்டி எழுப்பிப் பாட வைத்தவர். கடைசி வரிசைக்கும் கேட்கும், தெருவுக்கும் கேட்கும். இரண்டாவது டீச்சர். என்றைக்கும் ஆறு வினாடி. துடுப்பைக் கீழே வைப்பார், இரண்டு கைகளையும் இடுப்புத் துணியில் துடைப்பார், பாடுவார். கையில் ஈரமே இருக்காது. ஆனாலும் அந்தத் துடைப்பைப் பார்த்தால் நானும் என் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வேன். நான்காவது நெட்டை, ஒன்பது. பயணியைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே ஆட்கள் இரண்டாம் முறை வந்தார்கள். சிரிப்பு தொடங்கும் இடம் தினமும் ஒன்றாகவே இருந்தது என்பது மூலையிலிருந்து பார்த்த எனக்கு மட்டும் தெரியும். ஐந்தாவது, வானொலியிலிருந்து வந்தவர், நான்கு. சுருதி சுத்தம் என்றால் அவர்தான். ஆனால் பயணிக்குப் பதில் சொல்லவில்லை. எங்களுக்குப் பாடிக் காட்டினார்.

இந்த மதிப்பீடுகள் தவறாகவும் இருக்கலாம்.

நீ கேட்டதைப் பொறுத்தவரை, முப்பத்தொரு வருடம் ஆகிவிட்டது. குறிப்பேட்டில் உள்ளதைத் தவிர என்னிடம் வேறு ஆதாரம் இல்லை.

உன் அண்ணன்


பிப்ரவரி 1

அண்ணா,

கேட்டது ஒன்று. நீ சொன்னது நாலு பேர் கதை.

பார், 'நீ' வந்துவிட்டது. கோபம் வந்தால் மரியாதை போய்விடுகிறது.

"குறிப்பேட்டில் உள்ளதைத் தவிர." இதே வார்த்தையைத்தான் மறுநாள் காலை இயக்குநர் அறையிலும் சொன்னாய். "அண்ணா, நீயே சொல்லு, நான் மறந்தேனா?" என்று கேட்டேன். நீ செருப்பைப் பார்த்துக்கொண்டு, "குறிப்பேட்டுல இருக்கு" என்றாய். இயக்குநர், "அப்புறம் என்னம்மா, சொந்த அண்ணனே எழுதியிருக்காரு" என்றார்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், என் மகனுக்குக்கூடத் தெரியாது. நான் மறக்கவில்லை என்று முதல் ஒரு வருஷம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். இரண்டாம் வருஷம், பொய் சொல்லத் தெரியாத அண்ணன் எழுதியிருக்கிறானே, ஒருவேளை மறந்திருப்பேனோ என்று வந்தது. அப்புறம் அந்த நினைப்பு வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. இடுப்பளவு, தோளளவு எல்லாவற்றையும் இரண்டு நோட்டில் எழுதுகிறேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறேன். கடையைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது தடவை. பக்கத்து மருந்துக்கடைத் தம்பி, "அக்கா, பூட்டு கையோட வந்துரப் போகுது" என்று சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

என் தலைக்குள் இருப்பதை நான் நம்பி முப்பது வருஷம் ஆகிறது. உனக்கு ஆதாரம் வேண்டுமாம். உன் ஸ்டாப்வாட்ச்சைக் கேளேன்.

இனி சுற்றி வளைத்து எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.


பிப்ரவரி 6

தங்கைக்கு,

நீ மறக்கவில்லை.

முதலில் பென்சிலால் எழுதி, பிறகு பேனாவால் படி எடுப்பது என் வழக்கம். இதை நேராகப் பேனாவில் எழுதுகிறேன். பென்சிலில் எழுதினால் அழித்துவிடுவேன்.

மறந்தவர்கள் என் மூலையைப் பார்ப்பார்கள். எத்தனை பெரிய நடிகராக இருந்தாலும் கண் ஒரு நொடி இடது பக்கம் ஓடிவரும். அது வந்தபிறகுதான் நான் வாயைத் திறக்க வேண்டும். என் தொழிலில் இதைத் தவிர பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. நீ அன்று என் பக்கம் பார்க்கவில்லை. மேடையின் பலகையை, தண்ணீர் இருப்பதாக நாம் நம்ப வேண்டிய இடத்தை, பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதோடு, நீ முன்கூட்டியே சொல்லியும் இருந்தாய். அந்த வாரம் ஏழு, பதினொன்று, பதினான்கு என்று தினமும் மௌனத்தை நீட்டிக்கொண்டே போனாய். அன்று மதியம் சாப்பாட்டு மேசையில், "அண்ணா, இன்னைக்கு எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கப் போறேன். நீ மட்டும் வாயைத் திறந்துராதே" என்றாய். "சரி" என்றேன். தண்ணீர்ச் செம்பை நகர்த்திவிட்டு மறுபடியும் "சரி" என்றேன்.

பத்து வரை சிரமமில்லை. பதினான்கில் யாரோ இருமினார். பதினாறில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பதினேழில் இசை நடத்துநர் குச்சியைப் பிடித்தபடியே கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அதற்கு முந்தைய மாதம்தான், பயணியாக நடித்தவர் திணறியபோது நான் தாமதித்தேன் என்று மேலாளர் எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருந்தார். இன்னொரு முறை நடந்தால் முக்காலி வேறொருவருக்கு என்று அதில் இருந்தது. பத்தொன்பதாம் வினாடியில் என் வாய் திறந்தது. நான் திறந்தேன் என்று எழுத வேண்டும். திறந்தேன்.

தேவையில்லாமல் வரி கொடுத்த பிராம்ப்டரை வைத்துக்கொள்ள மாட்டார்கள். மறந்துபோன நடிகையை ஒருமுறை மன்னிப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துத்தான் எழுதினேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அதுவும் முழு உண்மைதானா என்று தெரியவில்லை. எழுதும்போது உன்னை நினைத்ததாகவே ஞாபகமில்லை. முக்காலியைத்தான் நினைத்தேன்.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை ஆறு விதமாக எழுதிப் பார்த்தேன். ஆறும் எனக்குச் சாதகமாகவே முடிகின்றன. ஆகவே விட்டுவிட்டேன்.

அண்ணன்


பிப்ரவரி 27

அண்ணா,

மூன்று வாரம் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ படித்திருக்க மாட்டாய்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது சந்தோஷம். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. வாயில் வைத்திருந்த ஊசியை எடுக்க மறந்து சிரித்தேன். கடையில் துணி வெட்டுகிற பெண் பயந்துபோய், "என்னக்கா, யாருக்காவது குழந்தையா?" என்றாள். "ஆமா, எனக்குத்தான்" என்றேன். அப்புறம் அன்று முழுக்க ஒரு பொத்தான் துளை சரியாக வரவில்லை.

அந்தத் தண்ணீர்ச் செம்பு எனக்கும் ஞாபகம் இருந்தது. நானாகக் கற்பனை செய்துகொண்டேன் என்று நினைத்திருந்தேன்.

உன்னை மன்னிக்கச் சொல்லி நீ கேட்கவில்லை. நல்லது. என்னிடம் இப்போது அது இருப்பில் இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு கேட்கிறேன். இதை உன் கட்டுரையில் எழுது. எனக்கு எழுதியதைப் போலவே, அச்சில். அங்கே இருப்பவர்கள் படிக்கட்டும். இரண்டாவது, ஐந்து பேரில் நான் எந்த இடம்? சும்மா தங்கைக்காகச் சொல்லாதே. வெண்கலத்துக்கும் டீச்சருக்கும் சொன்ன மாதிரியே எனக்கும் சொல்.

தங்கை


மார்ச் 7

அன்புள்ள தங்கைக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். நேரில் கொண்டுபோய்ச் செயலாளரின் மேசை மேல் வைத்தேன். நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் உட்கார்ந்தார்.

"ஐயா, நாலு பேரைப் பத்தி எழுதினது பிரமாதம். ஆனா இந்தக் கடைசிப் பக்கம்... விழா மலர்ல போய் இதையெல்லாமா போடுவாங்க?"

"போட்டா நல்லது."

"உங்க குடும்ப விஷயம். நாளைக்கு உங்களையே நாலு பேரு பேசுவாங்க."

"பேசட்டும்" என்றேன். சத்தமாகச் சொன்னதாக நினைத்தேன். அவர் "என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். மறுபடி சொன்னேன். பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஐந்து நாட்களாகக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நான்கு பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது, உன்னை எங்கும் வைக்க முடியவில்லை. அவர்கள் நால்வரும் மௌனத்தை முடித்தார்கள். எப்படி முடித்தார்கள் என்பதை வைத்துத்தான் அது எப்படிப்பட்ட மௌனம் என்று சொல்ல முடிகிறது. உன் இருபதாம் வினாடியில் என்ன இருந்தது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரியவிடாமல் செய்தவன் நான். உன் இடத்தைக் கேட்கிறாய். அதை நான் எடுத்துக்கொண்டேன், திருப்பித் தர என்னிடமும் இல்லை.

இது பதிலா, மறுபடியும் நழுவலா என்று எனக்கே தெரியவில்லை.

உன் அண்ணன்


ஏப்ரல் 4

தங்கைக்கு,

மலர் வந்துவிட்டது. தபாலில் உனக்கு ஒரு பிரதி அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேறொருவர் மூலம் உன் கைக்கு வந்தால் இன்னும் மோசம். அனுப்பியிருக்கிறேன்.

என் கட்டுரை பக்கம் 21 முதல் 24 வரை இருக்கிறது. நான்கு ஓடக்காரிகள். தலைப்பையும் 'நால்வர்' என்று மாற்றிவிட்டார்கள். மூன்றாவதாக ஒருவர் இருந்தார் என்பதே அதில் இல்லை.

இத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பக்கம் 37-ஐப் பார். 'மேடையில் சில சுவையான மறதிகள்' என்று ஒரு பகுதி. பழைய குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். என் கையெழுத்து. 'ஓடக்காரி வரி மறந்தார். எடுத்துக் கொடுக்கப்பட்டது.' கீழே உன் பெயர். பக்கத்தில் ஒரு கேலிச்சித்திரம், ஓடத்தில் நின்று தலையைச் சொறியும் பெண்.

செயலாளரிடம் போனேன். "ஐயா, அது சும்மா தமாஷுக்கு. வேற யாரோ தொகுத்தாங்க, எனக்கே தெரியாது. நானூறு பிரதி அச்சடிச்சாச்சு, இனி என்ன பண்றது சொல்லுங்க?" என்றார். வந்துவிட்டேன். படியிறங்கி, தெருவைக் கடந்து, தபால் நிலையம் தாண்டியபிறகு சொல்ல வேண்டியவை ஒவ்வொன்றாக வந்தன.

என் பொய் இதுவரை ஒரே ஒரு நோட்டில் இருந்தது. இப்போது நானூறு.

அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணா,

பார்த்தேன். படத்தில் இருக்கிறவளுக்கு என் மூக்கைவிட நல்ல மூக்கு.

விடு. உன்னால் முடியாது. இதைக் குத்திக்காட்டவென்று சொல்லவில்லை. சின்ன வயதில் கடையில் மீதிச் சில்லறை தவறாகக் கொடுத்தால்கூட என்னைத்தானே திருப்பி அனுப்புவாய், "நீ போய்க் கேளு, நான் இங்கேயே நிக்கிறேன்" என்று. எழுபத்தெட்டு வயதில் உனக்கு வயிற்றுவலிதான் மிச்சமாகும். நான் மறக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போதவில்லை. ஆனாலும் விடு.

இன்னொன்று. பூட்டை இன்னும் நாலு தடவைதான் இழுக்கிறேன். உண்மை தெரிந்தால் கை உடனே கேட்கும் என்று நினைத்தேன். கைக்கு யார் கடிதம் எழுதுவது?

தங்கை


ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இன்னும் படபடப்பு போகவில்லை. வரிசை தவறினால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஒரு துண்டுச் சீட்டுக்கு வாசகம் தயாரித்தேன். ஜெராக்ஸ் கடையில் ஒரு தாளுக்குப் பதினாறு வீதம் எடுத்து, ஸ்கேலும் பிளேடும் வைத்து வெட்டினேன். நானூறும், சேதத்துக்கு இருபதும். வாசகம் இது:

'பிழை திருத்தம். பக்கம் 37: ஓடக்காரி வரி மறந்தார் என்பது தவறு. அவர் மறக்கவில்லை. பிராம்ப்டர் பயந்துபோய் வாயைத் திறந்தார். பிறகு பொய் எழுதினார். இப்படிக்கு, அந்தப் பிராம்ப்டர்.'

நேற்று முதல் காட்சி. காலையிலேயே பசைப் புட்டியோடு அரங்குக்குப் போனேன். துடைப்பவர்கள் உள்ளே வேலையாக இருந்தார்கள். வாசல் மேசையில் மலர்கள் கட்டுக் கட்டாக இருந்தன. கட்டைப் பிரித்து ஒட்டத் தொடங்கினேன். கேலிச்சித்திரத்தின் மேலேயே ஒட்டினேன். தலை சரியாக மறைகிறது. பதினோரு மணிக்குச் செயலாளர் வந்தார்.

"ஐயா, என்ன பண்றீங்க?"

"ஒட்டுறேன்."

"யாரு அனுமதி குடுத்தா?"

"யாரும் குடுக்கல."

இந்த வாக்கியத்தை என் வாழ்க்கையில் முதன்முறையாகச் சொல்கிறேன். அவர் ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். "உங்க பேரையே நீங்க கெடுத்துக்கிறீங்களே" என்றார். "கெட்டது அது இல்ல" என்று சொன்னேன். பிறகு இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம் என்று பட்டது. அவர் மீதிக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் தடுக்கவில்லை. அதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு ஒட்டியிருந்தேன். ஆக, பாதிக்குச் சற்று அதிகமானவர்களுக்கு உண்மை தெரியும். மற்றவர்களுக்குக் கேலிச்சித்திரம். இவ்வளவுதான் முடிந்தது.

மதியம் புதிய ஓடக்காரி என்னைத் தேடி வந்தாள். கையில் ஒட்டிய பிரதி.

"இதுல எழுதியிருக்கறது நீங்களா? அவங்க எவ்வளவு நேரம் நின்னாங்க?"

"பத்தொன்பது வினாடி. அதுக்கு மேல தெரியாது."

"ஏன் தெரியாது?"

"நான் பேசிட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி, இன்னைக்கு நீங்க முன்னாடி உக்காருங்க. மூலைப் பக்கமே வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல்முறையாக நாடகத்தை முன்னாலிருந்து பார்த்தேன். ஐந்தாவது வரிசை. அவளுக்கு இரண்டு காது இருப்பது தெரிந்தது. அந்த இடம் வந்தது. வாத்தியங்கள் நின்றன. அவள் நின்றாள். யாரோ இருமினார். என் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. ஸ்டாப்வாட்ச்சை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. பிறகு பாடினாள், நன்றாகவே பாடினாள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நீ கேட்டதற்குப் பதில் கிடைத்தது. அவள் பாடுவதற்காகக் காத்திருந்தாள். நேரம் வரட்டும் என்று அழகாக, தைரியமாகக் காத்திருந்தாள். நீ காத்திருக்கவில்லை. நீ பாடாமல் இருக்கப் பார்த்தாய். வாயைத் திறந்தால் மகள் செத்தது உண்மையாகிவிடும், திறக்காதவரை எங்கோ துடுப்பைத் தேடிக்கொண்டுதான் இருப்பாள் என்பதுபோல நின்றாய். ஆறு பேரில் அப்படி நின்றவள் நீ ஒருத்திதான். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. இருமலும் நாற்காலியும் இசை நடத்துநரும் எச்சரிக்கையும் எல்லாம் இருந்தன, பொய்யில்லை. ஆனால் அவை இல்லாவிட்டாலும் நான் வாயைத் திறந்திருப்பேன் என்று நேற்று தோன்றியது.

இது இடமா என்று தெரியவில்லை. இதற்கு மேல் எனக்கு ஒப்பிடத் தெரியாது.

ஒட்டிய பிரதி ஒன்றை உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

உன் அண்ணன்


மே 2

அண்ணா,

பிரதி வந்தது. சீட்டைக் கோணலாக ஒட்டியிருக்கிறாய். நீ! வலது ஓரம் ஒரு நூல் மேலே ஏறியிருக்கிறது. அதை விரலால் நீவிவிட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்டுகிற பெண்ணிடம் படிக்கக் கொடுத்தேன். மருந்துக்கடைத் தம்பி கேட்காமலேயே வாங்கிப் படித்தான்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இருபதாம் வினாடியில் என்ன செய்திருப்பேன் என்று மட்டும் யோசித்துப் பார்த்தேன். அன்று நான் பாடியே இருக்க மாட்டேன் என்று படுகிறது. துடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டே உள்ளே போயிருப்பேன். உன் இசை நடத்துநருக்கு அங்கேயே நெஞ்சு நின்றிருக்கும். எப்படியும் அந்த வாரம் என் வேலை போயிருக்கும். ஆனால் என்னால் போயிருக்கும்.

அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. தலைக்கு மேல் தையல். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடகம் பார்க்க வரலாம் என்று இருக்கிறேன். வருவேன் என்று சொல்லவில்லை. வந்தால் உன் பக்கத்தில் உட்கார மாட்டேன். "சாப்பிட்டியா" என்று கேட்காதே.

நேற்று மாலை கடையைப் பூட்டினேன். ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன். அப்படியே திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன் என்று எழுதத்தான் ஆசை. இனி நம் இரண்டு பேருக்கு நடுவில் எழுத்தில் பொய் வேண்டாம். திரும்பி வந்தேன். மருந்துக்கடைத் தம்பி, "என்னக்கா, இன்னும் ஒரு ரவுண்டா?" என்றான்.

பூட்டைத் தொடவில்லை. எதிரே நின்று பார்த்தேன்.

பூட்டித்தான் இருந்தது. இதைக் குறித்துக்கொள்.

தங்கை